அவனைத் தாங்கும் பலகை

“ஹலோ… ஆங், நான்தான்… ஹலோ? இருடா, மெஷின் ஓடுது, ஒண்ணும் காதுல விழல… இரு இரு, வெச்சிடாத…”

பலகைக்காரி இழைப்பு மெஷினை அணைத்தாள். அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்த வெள்ளைத் தூள் அவசரமில்லாமல் கீழே இறங்கத் தொடங்கியது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, போனை நல்ல காதுக்கு மாற்றினாள். காலையிலிருந்து இந்த ஒரு போனுக்காகத்தான் அவள் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள்.

“ம், இப்ப சொல்லு… ஆமா… ஆமா, கேக்குது, நல்லா கேக்குது. தண்ணி எப்படி இருந்துச்சு?… ம்… காத்து?… கரையிலேருந்து அடிச்சுதா? அப்ப அலை நிமிந்து நின்னிருக்குமே… ஆமா… ஆமா, ஆமா… சரிடா, அலை அழகு, கடல் கண்ணாடி, எல்லாம் புரிஞ்சிடுச்சு. அதை அப்புறம் பாடு. பலகை எப்படி?”

அந்தப் பக்கம் பேசியது அவள் தம்பி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் நடக்கப் பழகிய நாளிலிருந்து தண்ணீரைக் கண்டால் பக்கவாட்டில் ஓடியவனை ஊரே நண்டு என்றுதான் கூப்பிட்டது. அவன் அலையில் ஏறினான். அக்கா அவனுக்கு அலைச்சறுக்குப் பலகை செய்தாள். சின்ன வயதில் அவளுக்கு ஒரு காதின் சவ்வு கிழிந்து போய்விட்டது. ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எத்தனையோ பேரை அலைமேல் நிற்க வைத்தவள், இடுப்பளவுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை. அவளுக்குக் கடல் என்றால் இவன் வாயால் கேட்டதுதான். புதுப் பலகை போனால் அன்றைக்கே, தலை துவட்டும் முன்னாலேயே போன் வரும். வால் இழுக்கிறது, மூக்கு குத்துகிறது, ஓரம் கடிக்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல, இவள் விரல் எதிரே இருக்கும் பலகையில் அந்த இடத்தைத் தேடிப்போகும். அவன் வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் அந்தப் போன் மட்டும் நிற்கவில்லை.

இத்தனை காலப் பழக்கத்தில் அவளுக்கு ஒன்று தெரியும். பலகை நன்றாக இருந்தால் நண்டு பலகையிலிருந்துதான் ஆரம்பிப்பான். அலையில் ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறான்.

“மழுப்பாத. பலகையைப் பத்திச் சொல்லு… நல்லாத்தான் இருக்குன்னா? ‘தான்’ எதுக்கு நடுவுல?… அண்ணே! அண்ணே, அதுல கை வைக்காதீங்க, ஈரம்! …இல்லடா, உன்னை இல்ல. ஓட்டல் சமையல்காரர் வந்திருக்காரு… போச்சு. ஒட்டிக்கிச்சா? இழுக்காதீங்க அண்ணே, தோலு வந்துடும். அந்த அலமாரியில ஸ்பிரிட் பாட்டில் இருக்கு பாருங்க, துணியில நனைச்சுத் தேய்ங்க…”

பெரிய உடம்புக்காரரான சமையல்காரர், பலகையில் பூசியிருந்த ரெசின் பசை ஒட்டிய உள்ளங்கையைத் தூக்கிப் பிடித்தபடி அலமாரியைத் தேடிப் போனார். ஒரு வாரமாக வந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த, கூர் மூக்கும் ஒடிசல் இடுப்புமான குட்டைப் பலகை மாதிரி ஒன்று அவருக்கு வேண்டுமாம்.

“அதெல்லாம் உங்களைத் தாங்காது அண்ணே, கோவிச்சுக்காதீங்க. படுத்தீங்கன்னா நீங்க மட்டும்தான் தெரிவீங்க, பலகை தெரியாது… உக்காருங்க, அஞ்சு நிமிஷம்… ஆங், நண்டு, சொல்லு. சிரிக்கிறியா? சிரி சிரி. அவரு கேக்கறது கத்தி மாதிரியே ஒண்ணு. ஆமா, உன் கத்திதான், அதே அளவு!”

கத்தி என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமான பெயர். அவன் போட்டிகளில் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் செய்த பலகை அது. மெல்லியது, அடியில் வால் பக்கம் மீனுக்கு இருப்பதுபோல் மூன்று துடுப்பு. நின்றால் முங்கிவிடும், ஓடினால்தான் உயிர். செங்குத்தாக எழும்பி வரும் அலையில் கண் இமைப்பதற்குள் எழுந்து நிற்பவனுக்கு மட்டும்தான் அது சொன்ன பேச்சைக் கேட்கும். பெருவிரலை அழுத்த நினைத்தாலே திரும்பிவிடுகிறது அக்கா என்று முதல் நாள் போனில் கத்தினான். பெயர் அப்படி வந்தது.

பிறகு ஒரு நாள், கத்தியின் இடது ஓரம் எங்கேயோ மாட்டுகிறது என்றான். பலகையைத் திருப்பி அனுப்பினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்; ஒரு பிசிறு இல்லை. இருந்தாலும் தேய்த்து அனுப்பினாள். மறுபடி மாட்டியது. எழுந்து நிற்கக் கொஞ்சம் நேரமாகிறது என்றான். அதற்காக மீன்வால் செய்தாள்: குட்டை, அகலம், தட்டையான வயிறு, பிளந்த வால், இரண்டே துடுப்பு. சோம்பேறி அலையில்கூட வழுக்கிக்கொண்டு பறக்கும். மழை பெய்த சிமெண்டுத் தரையில் செருப்போடு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் ஒரு பருவம் தாங்கியது. அப்புறம் முட்டை: மூக்கும் உருண்டை, வாலும் உருண்டை, தடிமன், தப்பு செய்தாலும் மன்னித்துவிடும், ஆனால் திரும்பச் சொன்னால் பஸ் மாதிரி வட்டம் போட்டுத்தான் திரும்பும். முட்டையிலிருந்தும் விழுந்தபோதுதான் அவன் பெண்டாட்டி அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

மாட்டியது பலகையின் ஓரம் இல்லை. அவன் இடது கால். தசைகளை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. முதலில் அந்தப் பாதம், பிறகு மற்றவை. மருந்து கிடையாது என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்ட அன்றைக்கு அக்கா செய்தது ஒன்றுதான். கடைக்கு வந்து, இருப்பதிலேயே நீளமான ஃபோம் கட்டியை எடுத்து மேடையில் போட்டாள். அது கட்டில் ஆயிற்று. ஓர் ஆள் உயரமும் இன்னும் பாதியும் சேர்ந்த நீளம், ஒற்றைத் துடுப்பு. அலை உடைவதற்கு ரொம்ப முன்னாலேயே, மேடாகி வரும்போதே தொற்றிக்கொண்டு மிதந்து வரும். ஆனால் கட்டிலைத் திருப்ப வேண்டுமானால் நாலடி பின்னால் நடந்துபோய் வாலை மிதிக்க வேண்டும். நடக்கிற கால்தானே அவனிடம் இல்லை. கட்டிலுக்குப் பிறகு, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மெத்துமெத்தென்ற பலகை. அதன்மேல் உட்கார்ந்தபடியே கொஞ்ச நாள். இப்போது இது: அகலமாக, கனமாக, நெஞ்சும் முழங்காலும் பதிய மேலே குழி எடுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, அவள் இதுவரை செய்யாத ஒன்று. இதற்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

“மண்டி போட முடிஞ்சுதா?… ம்… படுத்துக்கிட்டேவா? சரி, படுத்துக்கிட்டே. அதுக்கும் சேத்துத்தானே குழி எடுத்தேன். நெஞ்சு உக்காந்துச்சா?… மூக்கு தண்ணியில குத்தலயே?… பாத்தியா! இன்னும் ஒரு விரல் தூக்கினா குத்தாதுன்னு சொன்னேன்ல?… ம்… தானாவே ஓடுச்சா? டேய், நிஜமாவா?… அது நாலு துடுப்பு வெச்சதுனால. நடுவுல ஒத்தத் துடுப்பு இருந்தா நேரா போகும், ஆனா நீ உடம்பை வளைச்சாத்தான் திரும்பும். இப்ப நீ வளைக்கவே வேண்டாம், அந்தப் பக்கத்துக் கைப்பிடியை லேசா அமுத்தினாலே போதும். அமுத்திப் பாத்தியா?… இல்லையா? ஏன்?… சரி சரி, முதல் நாள்தானே. பழகணும்.”

அவள் முகம் மலர்ந்திருந்தது. சமையல்காரர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்துத் தானும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

“எத்தனை அலை பிடிச்ச?… ஒண்ணா?… சரி, ஒண்ணு. ஒண்ணு போதும். எப்படி வந்துச்சு, சொல்லு, ஆரம்பத்துலேருந்து… ம்… உன் பெண்டாட்டி தள்ளிவிட்டா… ம்… தூக்குச்சு… வயித்துல அந்தக் கூச்சம் வந்துச்சா? வந்துச்சா! …அப்புறம்?… ம்… அப்புறம்?… என்னடா, அப்புறம்? …ஹலோ? நண்டு?”

கரகரவென்று ஒரு சத்தம். யாரோ போனைத் துணியில் உரசுகிற சத்தம்.

“யாரு?… ஏம்மா, அவன்கிட்ட பேசிட்டிருக்கேன்ல, நடுவுல ஏன் வாங்கின?… என்ன?… என்ன சொல்ற? மெதுவா சொல்லு. அழாத, அழுதா புரிய மாட்டேங்குது… கவுந்துட்டானா? எங்க?… கவுந்தா என்ன, கைப்பிடியைப் பிடிச்சிட்டு… ம்… கை விட்டுப்போச்சா… ரெண்டு கையுமா?… ம்… பலகைக்கு அடியிலயா!…”

தம்பி பெண்டாட்டி அந்தப் பக்கம் சொன்னதைப் பலகைக்காரி நின்றபடி கேட்கவில்லை. பலகையை ஏற்றி வைக்கும் மரத்தாங்கியின் மேல் எப்போது உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அகலமான பலகை லேசில் கவிழாது. அதற்காகத்தான் அத்தனை அகலம் வைத்தாள். ஆனால் கவிழ்ந்துவிட்டால் அதே அகலம்தான் பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி மேலே கிடக்கும். தெம்புள்ளவனாலேயே அதைப் புரட்ட முடியாது. மேடையில் வைத்து இழைக்கும்போது எந்தப் பலகையும் நிமிர்ந்துதான் இருக்கிறது.

“எவ்ளோ நேரம் அடியில இருந்தான்?… தெரியாதுன்னா? நீ எங்க இருந்த? பக்கத்துலதானே நின்ன? நின்னு என்னத்தப் பாத்துட்டிருந்த? உன்னை நம்பித்தானே அவனை… இல்ல. இல்லம்மா. இல்ல, வெச்சிடாத. நான் சொன்னது தப்பு. உன்னைச் சொல்லல… ஆமா… ஆமா, அலை உன்னையும் புரட்டிச்சு, புரியுது… யாரு தூக்கினது?… தெரியாத ஆளா… நீந்தி வந்தானா?… கரைக்கு இழுத்துட்டு வந்து… ம்… வாந்தி எடுத்தானா? எடுத்தா நல்லதுதான். உதடு?… இப்ப பரவாயில்லயா? ஆஸ்பத்திரிக்கு?… வரமாட்டேங்கிறானா? அவன் யாரு வரமாட்டேங்கறதுக்கு! குடு அவன்கிட்ட. குடுன்னா குடு.”

மறுபடி அதே உரசல் சத்தம். இவள் எழுந்து நின்றுகொண்டாள். கோபப்படுவதற்கு நின்றுகொண்டால்தான் வசதி.

“ஏண்டா டேய், அறிவிருக்கா உனக்கு? மூக்கு குத்தல, பலகை தானா ஓடுச்சு, கடல் கண்ணாடி! …என்ன உண்மைதானே? என்ன உண்மை? பலகை ஒழுங்காத்தான் ஓடியிருக்கு, நீதான் மேல இல்ல! கீழ இருந்த! …சிரிக்காத. சிரிக்காதடா, எனக்கு எரியுது… என்ன?… ‘அடியிலேருந்து பாத்தா வேலைப்பாடு நல்லா இருக்கா’? …போடா… போடா பன்னி…”

சிரிப்பு அவளுக்கும் வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. முகமூடியை இழுத்து வாய்மேல் விட்டுக்கொண்டாள். சமையல்காரர் தரையைப் பார்த்தார். பிறகு ஸ்பிரிட் துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, கதவுச் சத்தம் கேட்காமல் வெளியே போனார்.

“ம்… இல்ல, அழல. தூள் போயிடுச்சு தொண்டையில… சரி, கேளு. பேசாம கேளு. கைதானே விட்டுச்சு? குளிர்ல மரத்துப்போயிருக்கும்… ஆமா, சில நேரம் அப்படித்தான். அப்ப கைக்கு வேலையே வைக்கக்கூடாது. ரெண்டு பேர் படுக்கற மாதிரி ஒண்ணு பண்றேன். பின்னால ஒரு ஆள் இருந்து ஓட்டட்டும், நீ முன்னால. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் பட்டை வெச்சுடலாம், நீ எதையும் பிடிக்க வேண்டாம்… ஆமா, கட்டித்தான்… கவுறாதுடா, ரெண்டு பேர் எடை இருக்கும்ல… கவுறாதுன்னு சொல்றேன்ல… கவுந்தா…”

நிறுத்தினாள்.

“…ஆமா. கட்டியிருந்தா அவ்ளோதான். ஆமா… சரி, பட்டை வேண்டாம், விடு.”

மேடைமேல் பாதி இழைத்த ஃபோம் கட்டி கிடந்தது. இன்னும் யாருடையதாகவும் ஆகாத கட்டி. அதன் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். நாளெல்லாம் இதுதான் அவள் பிழைப்பு. ஆள் வந்து இது இப்படி இருக்கிறது, அது அப்படி முரண்டு பிடிக்கிறது என்று சொல்வார்கள். சொல்லி முடிப்பதற்குள் அவளிடம் பதில் இருக்கும். அங்கே ஒரு விரல் சேர்க்கலாம், இங்கே ஒரு இழை எடுக்கலாம். பதில் இல்லாமல் அவள் யாரையும் அனுப்பியதில்லை.

“அப்ப இப்படிப் பண்ணலாம். உள்ளயே போக வேண்டாம். முழங்கால் தண்ணியில, அலை உடைஞ்சு நுரையா வருதுல்ல, அங்க. கவுந்தாலும் தரை இருக்கு. அந்த மெத்துப் பலகையில படுக்க வெச்சு ரெண்டு பேரு தள்ளிவிட்டா… குழந்தைங்க மாதிரின்னா என்ன? குழந்தைங்க ஆடுறதும் கடல்லதானே?… ம்… ம்… ஆமா, நீதான் சொல்லியிருக்க… நுரையில எல்லாப் பலகையும் ஒண்ணுதான். கத்தியும் கதவும் ஒண்ணுதான்… ஆமாடா, சரி. ஒரு வித்தியாசமும் தெரியாது. புரியுது.”

அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். நீளமாக, பழைய நாட்களில் பேசுவது போல. பலகைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்படித்தான் எப்போதும் கேட்பாள்.

“ம்… ஆமா… ஆமா, நீ திரும்பறதுக்கு முன்னாடியே கத்தி திரும்பியிருக்கும்னு சொன்ன… ஆமா… காலுக்குக் கீழ எதுவுமே இல்லாத மாதிரி… மீன்வால் அப்படி இல்ல, அது உன்னைக் கேக்காது, அதுபாட்டுக்குப் போகும்… ஆமா! முதல் நாள் அலையைத் தாண்டி ஓடிப்போய் வெறுந்தண்ணியில நின்னியே, எல்லாரும் கைதட்டினாங்களே… ம்… கட்டில் எனக்கும் பிடிக்கும்டா. நீ கட்டிலைப் பத்திச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லுவ. தூங்கறவங்க பக்கத்துல பேசற மாதிரி… என்ன?… திரும்பச் சொல்லு… இல்ல, புரியல, இன்னொரு தடவை… மெதுவா…”

ஒரு வார்த்தை அவன் வாய்க்குள்ளேயே நசுங்கிப் போயிருந்தது. மறுபடி சொன்னபோதும் அப்படியே வந்தது. நாக்கு அந்த இடத்துக்கு எழும்பவில்லை. போன வாரம் அப்படி இல்லை.

“லைன் சரியில்லடா… ஆமா, இங்கதான். காலையிலேருந்தே இழுக்குது… இல்ல, உன் பேச்சு நல்லாத்தான் இருக்கு. லைன்தான். லைன்தான்டா.”

அவனுக்குப் பின்னால் கடல் கேட்டது. இன்னும் கரையில்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு அலை உடைந்து, இழுத்துக்கொண்டு திரும்பிப்போவது வரைக்கும் அவளுக்குக் கேட்டது.

“ம், கேளு… கேளேன், அதுக்கு எதுக்கு இவ்ளோ பீடிகை… என்ன?… என்ன கேள்வி இது?… நிஜமா சொல்லணுமா?… டேய்… சமாதானம் எல்லாம் நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா உனக்கு?… சரி, சொல்லியிருக்கேன். இரு. யோசிச்சுச் சொல்றேன்.”

யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். சுவர் முழுக்க ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பலகை வடிவ அட்டை மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூர் மூக்கு, உருண்டை மூக்கு, பிளந்த வால், சதுர வால், ஊசி வால். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய எடைக்கும் கால் நீளத்துக்கும் பயத்துக்கும் வெட்டியது. காலில்லாதவருக்குக்கூட ஒரு முறை செய்திருக்கிறாள். அவருக்குக் கைகள் இருந்தன. பார்வையில்லாத பெண்ணுக்குச் செய்திருக்கிறாள். அவளுக்கு உடம்பு முழுக்கக் கண் இருந்தது. கடைசி ஆணி வரைக்கும் பார்த்துவிட்டு, பார்த்த வழியே திரும்பி முதல் ஆணிக்கு வந்தாள்.

“இல்லடா.”

“…ம். இல்ல. உன்னைத் தாங்கற பலகை எதுவும் இல்ல. எனக்குத் தெரிஞ்சு இல்ல… எனக்குத் தெரியாம வேற யாருக்காவது… அதுவும் இல்ல. இருந்தா தெரிஞ்சிருக்கும்… ம்… ம்… நன்றியா? எதுக்குடா நன்றி? இதுக்கெல்லாம் யாராவது நன்றி சொல்லுவாங்களா?… ம்… சரி… சரி.”

அவன் குரலில் ஏதோ தளர்ந்திருந்தது. பாரத்தை இறக்கி வைத்தவன் குரல் மாதிரி இருந்தது. இவள் இறக்கவில்லை. இனிமேல்தான் இவள் அதைத் தூக்கவே வேண்டும்.

“நான் வரேன். நாளைக்கே கிளம்பி வரேன்… வந்து என்ன பண்றதுன்னா? …தெரியல. வந்து உக்காந்திருக்கேன்… இல்ல, ஒண்ணும் கொண்டு வரல. சும்மா வரேன்… ஆமா, பலகை இல்லாம… ம்? பழைய பலகையை எல்லாமா? எடுத்துட்டுப் போய் என்ன பண்ண?… சரி, மீன்வால், முட்டை, அதெல்லாம் எடுத்துக்கறேன். கத்தி அங்கயே இருக்கட்டும், உன் அறையிலயே… என்ன?… கரைக்கு எடுத்துட்டு வந்திருந்தியா?… குடுத்துட்டியா? யாருக்கு?… எப்ப? இன்னிக்கா!”

குரல் உயர்ந்துவிட்டது. வெறும் அறையில் அது திரும்பி வந்தது.

“உன்னைத் தூக்கினான், சரி. கையெடுத்துக் கும்பிடறேன் அவனை. அதுக்காக கத்தியைக் குடுப்பியா? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியா? அது என்ன கடையில வாங்கினதா? உன் காலை வெச்சு, உன் எடையை வெச்சு, நீ மூச்சு விடற தினுசை வெச்சு நான் இழைச்சது… ஆமா, உன்னுதுதான். உன்னுது, நீ குடுத்த. சரி… ம்… ம்… சரி, விடு.”

மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். தூளில் அவள் காலடி பதிந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். தொழில் புத்தி, வாய் வரைக்கும் வந்துவிட்டால் நிற்பதில்லை.

“…எவ்ளோ உயரம் இருப்பான்?… ம்… எடை?… சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்லு… ஒல்லியா… தோள்பட்டை?… எந்தக் காலை முன்னால வைக்கறான்?… இடதா…”

அந்த அளவுகள் அவளுக்குத் தெரியும். அவன் சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவள் உள்ளங்கை காற்றில் ஒரு உடம்பைத் தொட்டு அளந்துவிட்டிருந்தது. காய்ச்சல் வந்தாலும் கடலுக்கு ஓடுவேன் என்று நின்ற உடம்பு. கத்தி செய்த வருஷத்து நண்டு.

“அப்ப சரியா இருக்கும்… ஆமா. அவனுக்கு அது சரியா இருக்கும்டா. ஒரு இழை மாத்த வேண்டாம்… ம்… நம்பர் குடுத்தியா? என் நம்பரையா? எதுக்கு?… அவன் போன் பண்ணி எப்படி இருக்குன்னு சொல்லுவானா… வேண்டாம். வேண்டாம்டா. எனக்கு எதுக்கு அவன் பேச்சு? எவனோ ஒருத்தன் வந்து கத்தி எப்படித் திரும்புதுன்னு எங்கிட்ட சொல்றதா? பண்ண வேண்டாம்னு சொல்லிடு… சொல்லிடுன்னா சொல்லிடு… ம்… இல்ல, கோவம் இல்ல. உன்மேல என்ன கோவம்.”

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கம் காற்று போனுக்குள் புகுந்து உறுமியது. அதற்கு நடுவே யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ரொம்பக் கிட்டத்தில், அவன் குரலை விடக் கிட்டத்தில் கேட்டது.

“…நண்டு. உன் பக்கத்துல யாரு?… அவளா? எவ்ளோ பக்கத்துல?… என்ன பண்றா?… போனை யாருடா பிடிச்சிட்டிருக்கா?”

உறிஞ்சல் சத்தம் சட்டென்று நின்றது.

“அவளா?… ஆரம்பத்துலேருந்தேவா?… இவ்ளோ நேரமும் அவதான் உன் காதுல வெச்சுக்கிட்டு… ஓ… ஓ. சரி… இல்ல. கை விட்டது குளிர்னால இல்ல. சொல்லாத, எனக்குத் தெரியுது… எப்பலேருந்து?… ம்.”

பலகைக்காரி தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். விரல்கள் அதைப் பிடித்திருந்தன. அவள் பிடிக்கச் சொல்லாமலே பிடித்திருந்தன. அந்தப் பெண், புருஷனை விழுங்கப் பார்த்த தண்ணீரில் புரண்டு எழுந்தவள், ஈரத் துணியோடு மணலில் மண்டி போட்டு, ஒரு கையை மடக்கி அவன் காதில் போனைப் பிடித்தபடியே இருந்திருக்கிறாள். நீ எங்கே இருந்தாய் என்று இவள் கத்தியதைக்கூட அந்தக் கையால்தான் வாங்கிக்கொண்டாள்.

“டேய்… அவளுக்குக் கை வலிக்கும். எவ்ளோ நேரம் பேசிட்டோம். வெச்சிடச் சொல்லு… ம்… ம்… ஆமா, நாளைக்கு. நாளைக்கு நான் வந்து பிடிச்சுக்கறேன்… யார்கிட்ட பேசணும்னாலும் பிடிச்சுக்கறேன்டா… ஆமா… சரி. போ. தலையைத் துவட்டச் சொல்லு, ஈரத்தோட உக்காராத… ஏம்மா, கேக்குதா உனக்கு? நீ எதுவும் சொல்ல வேண்டாம். போனைக் கீழ வெச்சுட்டு கொஞ்சம் கையை நீட்டும்மா.”

அந்தப் பக்கம் அலை ஒன்று எழும்புகிற சத்தம் கேட்டது. அது உடைவதற்குள் லைன் அறுந்துவிட்டது.